புதிய அலாய் வீலும் டயர் அழுத்த சென்சாரும்: பொருத்துவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

காருக்கு வேறு அலாய் வீல் வாங்க நினைப்பவர்கள் விட்டம், அகலம், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் வட்ட அளவு, ஆஃப்செட், நடுத்துளையின் விட்டம் என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்துத்தான் வாங்குகிறார்கள். டயர் அழுத்த சென்சாரைப் பற்றிய பேச்சோ, பெரும்பாலும், புதிய வீலில் டயரை ஏற்றிக் காற்றடித்து வண்டியை வெளியே எடுத்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கிய பிறகே எழுகிறது. அப்போது கேட்கப்படுவதும் ஒரே கேள்விதான்: இந்த விளக்கை எப்படி அணைப்பது? ஆனால் விளக்கை அணைக்கப் பல வழிகள் உண்டு. அவற்றுள் சில, டயரில் உண்மையாகவே காற்று இறங்கும்போதும் அந்த விளக்கை எரியவிடாமல் தடுத்துவிடுபவை. ஆகவே கேட்க வேண்டியது வேறு: மாற்றிய வீலோடும் மாற்றிய டயரோடும் இந்த அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா? அதற்கு விடை காண, அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதையும், வீல் மாறும்போது எந்தெந்த இடத்தில் அது தடுமாறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சாலையில் ஓடும் கார்களில் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பை முதலில் பெற்றது 1986-இல் வந்த போர்ஷே 959. அதன்பின் பல ஆண்டுகள் அது விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரிய வசதியாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் டிரெட், அதாவது சாலையைத் தொடும் மேற்பட்டை, பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, பலர் உயிரிழந்தார்கள். டயரில் காற்று குறைவாக இருந்ததும் அதற்குக் காரணங்களுள் ஒன்றாக விவாதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அங்கே டயர் பாதுகாப்புக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக உருவான 138-ஆம் எண் பாதுகாப்புத் தரம், 2007 செப்டம்பர் 1 முதல் தயாராகும் எல்லா இலகுரக வாகனங்களிலும் இந்த அமைப்பைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2014 நவம்பரிலிருந்து விற்பனையாகும் எல்லாப் புதிய பயணிகள் கார்களுக்கும் இது கட்டாயமானது.

அமெரிக்கத் தரத்தின் இரண்டு விதிகள் வீல் மாற்றுபவருக்கு நேரடியாகப் பயன்படுபவை. ஒன்று, தயாரிப்பாளர் பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் 20 நிமிட ஓட்டத்துக்குள் விளக்கு எரிய வேண்டும் என்பது. மற்றது, அமைப்பிலேயே கோளாறு இருந்தால் அதையும் ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும் என்பது. பெரும்பாலான கார்களில், வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால், அது காற்றைப் பற்றியதல்ல, அமைப்பில் கோளாறு, பெரும்பாலும் சென்சாரின் செய்தி கிடைக்கவில்லை என்று பொருள். மினுக்காமல் தொடக்கத்திலிருந்தே நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது. வீல் மாற்றிய உடனே எரியும் விளக்கைப் பார்ப்பவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாற்று வீல் பொருத்தும்போது சென்சார் விடுபட்டுப் போகும் என்பதை விதியை எழுதியவர்கள் எதிர்பார்த்தே இந்த இரண்டாம் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள்.

அமைப்பு மறைமுகம், நேரடி என இரு வகைப்படும். மறைமுக வகையில் வீலுக்குள் எந்தச் சென்சாரும் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் இருக்கும் வேக சென்சார்களின் தகவலைக் கொண்டே கணக்கிடுகிறது. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சிறிது குறையும். அதனால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த நுண்ணிய வேறுபாட்டை அமைப்பு கண்டுபிடித்துவிடும். பிந்தைய தலைமுறை அமைப்புகள் டயரின் அதிர்வையும் சேர்த்து ஆராய்கின்றன. இவ்வகைக் காரில் வீல் மாற்றுவது எளிது: புதிய டயர்களில் சரியான அழுத்தத்துக்குக் காற்றடித்து, மெனுவிலோ பொத்தானிலோ ரீசெட் செய்தால் போதும், சிறிது தூரம் ஓடியதும் அமைப்பு புதிய சக்கரங்களைப் பழகிக்கொள்ளும். ஆனால் ரீசெட் செய்யும் நேரத்தில் டயரில் என்ன அழுத்தம் இருக்கிறதோ அதையே அது சரியான அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். நான்கு டயரிலும் குறைவாகக் காற்றிருக்கும்போது விளக்கை அணைப்பதற்காக ரீசெட் அழுத்துபவர், குறைந்த அழுத்தமே சரி என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்.

உங்கள் கார் எந்த வகை என்று அறிய எளிய வழி, டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியே அழுத்த எண் தெரிகிறதா என்று பார்ப்பது. எண் தெரிந்தால் நேரடி வகை, அதாவது ஒவ்வொரு வீலுக்குள்ளும் சென்சார் உள்ள வகை, என்று கொள்ளலாம். எண் தெரியாவிட்டாலும் நேரடி வகையாக இருக்கக்கூடும். வால்வு உலோகத்தண்டாக இருந்தால் அநேகமாக அப்படித்தான். ரப்பர் வால்வை மட்டும் பார்த்து உள்ளே சென்சார் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது; அப்படி முடிவு கட்டி டயரைக் கழற்றியதால் உடைந்த சென்சார்கள் ஏராளம். இனி இக்கட்டுரை பேசப்போவது நேரடி வகையைப் பற்றியே, ஏனெனில் சிக்கல்கள் எல்லாம் அங்கேதான்.

நேரடி வகைச் சென்சாரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது தீப்பெட்டியைவிடச் சிறிய, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த ஒரு பொருள். வால்வுத் தண்டோடு சேர்த்து ஏறத்தாழ 30 கிராம் எடை. மேற்புறத்தில் குண்டூசி முனையளவு ஒரு துளை இருக்கும். டயருக்குள் இருக்கும் காற்று அதன் வழியாகத்தான் அழுத்தத்தை அளக்கும் சில்லைத் தொடுகிறது. உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, முடுக்கத்தை உணரும் பகுதி, வெப்பத்தை அளக்கும் பகுதி, ஒரு சிறிய ரேடியோ ஒலிபரப்பி. எல்லாவற்றையும் பிசினால் மூடி இறுக்கியிருப்பதால் பேட்டரியை மட்டும் தனியே மாற்ற இயலாது. பேட்டரி தீர்ந்தால் சென்சாரே போயிற்று. பேட்டரியைச் சேமிக்க, வண்டி நிற்கும்போது சென்சார் உறங்கும். சக்கரம் சுற்றத் தொடங்கியதை உணர்ந்ததும் விழித்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் தன் அடையாள எண், அழுத்தம், வெப்பநிலை, பேட்டரியின் நிலை ஆகியவற்றை ஒலிபரப்பும். காரில் உள்ள ஏற்பி தன் நினைவில் பதிந்துள்ள அடையாள எண்களிலிருந்து வரும் செய்தியை மட்டும் ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் ஓடும் காரின் சென்சார்களைத் தன்னுடையவையாக எண்ணிவிடாதிருப்பது இதனால்தான்.

இந்தச் சிறு பொருளின் மேல் விழும் விசையைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதை ரிம்மில் பொருத்தும் முறைக்கு ஏன் இவ்வளவு கவனம் தேவை என்பது விளங்கும். 205/55 ஆர்16 அளவு டயர் உள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. சக்கரத்தின் மையத்திலிருந்து 19 செ.மீ. தொலைவில் இருக்கும் சென்சாரின் மேல் அப்போது புவியீர்ப்பைப் போல் சுமார் 150 மடங்கு விசை செயல்படுகிறது; அதாவது 30 கிராம் எடையுள்ள சென்சார் நாலரைக் கிலோ எடையுள்ளது போல ரிம்மிலிருந்து வெளிநோக்கி இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகி 18 கிலோவுக்குச் சமமாகும். இவ்வளவு இழுப்பையும் தாங்குவது ஒரு வால்வுத் தண்டும் அதைப் பிடித்திருக்கும் நட்டும் அல்லது ரப்பரும்தான்.

வால்வுத் தண்டு இரண்டு விதமாக வருகிறது. ரிம்மின் துளையில் இழுத்துப் பொருத்தும் ரப்பர் தண்டு ஒன்று. வெளிப்புறத்தில் நட் போட்டு முறுக்கும் அலுமினியத் தண்டு மற்றொன்று. இரண்டுக்கும் ரிம்மில் பொதுவாக 11.3 மி.மீ. விட்டமுள்ள துளையே தேவைப்படுகிறது. ரப்பர் தண்டு பொருத்த எளிது, அரிப்பு ஏற்படாது. ஆனால் மிக அதிக வேகத்தில் அது வளையக்கூடியது. வேகமாக ஓட்டப்படும் காருக்கும் பெரிய விட்டமுள்ள வீலுக்கும் உலோகத் தண்டே தக்கது என்பது என் கருத்து. மாற்று வீல் வாங்கியவர் எந்தத் தண்டு வேண்டும் என்று கடையில் கேட்கப்படுவதே அரிது; இருப்பதைப் பொருத்திவிடுவார்கள். ஆகவே நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீலின் வடிவம்தான் அடுத்த சிக்கல். காரோடு வந்த வீலை வடிவமைத்தவர்கள் சென்சாருக்கும் சேர்த்தே இடம் ஒதுக்கியிருப்பார்கள். சந்தையில் கிடைக்கும் மாற்று வீல் பல கார்களுக்குப் பொருந்தும்படி செய்யப்படுவதால், சென்சார் அமரும் இடம் எல்லா வீலிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது வால்வுத் துளையைச் சுற்றியுள்ள பரப்பு. நட்டும் வாஷரும் முழுதாகப் படியும் அளவுக்கு அது தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும்; சில வீல்களில் துளை ஒரு குழிக்குள் இருப்பதால் நட் குழியின் விளிம்பில் இடித்து, பாதிதான் முறுக்க முடியும். அந்த இடத்தில் ரிம் மிகத் தடிமனாக இருந்தால் தண்டின் மரை வெளியே போதுமான அளவு நீளாது. அடுத்தது தண்டின் சாய்வுக் கோணம். துளை செங்குத்தாகவும் சென்சாரின் கோணம் நிலையானதாகவும் இருந்தால், சென்சாரின் வால்பகுதி ரிம்மின் நடுப்பள்ளத்தில் மோதும் அல்லது அதிலிருந்து மிக உயர்ந்து நிற்கும். மோதினால் முறுக்கும்போதே கூடு விரிசல் விடும். உயர்ந்து நின்றால் டயரை ஏற்றும்போது டயரின் விளிம்பு, அதாவது பீட், அதன்மேல் ஏறி உடைத்துவிடும். வால்பகுதி பள்ளத்தின் தரையைத் தொடாமல், அதே நேரத்தில் ரிம்மின் இரு தோள்களுக்கும் கீழே அடங்கி இருப்பதுதான் சரியான அமைப்பு. டயரை ஏற்றுவதற்கு முன் வெறும் வீலில் ஒரே ஒரு சென்சாரைப் பொருத்திப் பார்த்தால் இவை எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். டயரை ஏற்றியபின் தெரிந்து பயனில்லை. கோணத்தை மாற்றியமைக்கும் தண்டுகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

வால்வு வெளிப்பக்கம் தெரியாமல் உட்புறமாக அமைந்த வீல்களும் உண்டு. அவற்றில் தண்டின் முனைக்கும் பிரேக் காலிப்பருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காமல் பொருத்துவது ஆபத்து; ஒரு சுற்றிலேயே தண்டு அறுந்து காற்று முழுவதும் போய்விடும். துளை எவ்வகையிலும் ஒத்துவராத பழைய வீல்களுக்கு, சென்சாரைத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் ரிம்மின் நடுப்பள்ளத்தில் கட்டும் முறையும் இருக்கிறது. சில கார் நிறுவனங்களே தொடக்க காலத்தில் அம்முறையைக் கையாண்டன.

பழைய வீலிலிருந்து சென்சாரைக் கழற்றிப் புதிய வீலுக்கு மாற்றலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மாற்றலாம், அடையாள எண் காருக்கு முன்பே தெரியும் என்பதால் பதிவு வேலையும் மிச்சம். ஆனால் பேட்டரியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரைதான். கார் வாங்கி ஆறேழு ஆண்டு ஆகியிருந்தால், இன்று இடம் மாற்றிய சென்சார் அடுத்த ஆண்டே ஊமையாகி, மறுபடியும் டயரைக் கழற்றிக் கூலி கொடுத்து, பேலன்சிங் செய்து, முழு வேலையையும் திரும்பச் செய்யும் நிலை வரும். அந்த வயதில் நான்கையும் புதிதாகப் போட்டுவிடுவதே அறிவுடைமை. பழையதை மாற்றினாலும் அதன் ரப்பர் வளையம், வாஷர், நட், வால்வு ஊசி, மூடி ஆகியவை கொண்ட சிறு தொகுப்பைப் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய ரப்பர் வளையம் புதிய ரிம்மின் பரப்பில் மறுபடி சரியாக அடைக்காது. அலுமினியத் தண்டில் நிக்கல் பூசிய வால்வு ஊசியே போட வேண்டும். சாதாரண பித்தளை ஊசியைப் போட்டால் இரு உலோகங்களுக்கும் இடையே ஈரத்தில் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, சில ஆண்டில் ஊசி தண்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற முயன்றால் தண்டு முறியும். அழகுக்காகப் போடும் உலோக மூடிகளும் இதே காரணத்தால் தண்டில் இறுகிவிடுகின்றன. பார்க்க எளிமையாக இருந்தாலும் உட்புறம் ரப்பர் வைத்த பிளாஸ்டிக் மூடியே மேல். நட்டை முறுக்க வேண்டிய அளவு ஒவ்வொரு சென்சாருக்கும் வேறு. பெரும்பாலும் 4 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரைதான், அதாவது கையளவு விசை. வீல் நட்டை இறுக்கும் பழக்கத்தில் இதையும் இறுக்குபவரிடம் கொடுத்தால் தண்டு அங்கேயே முறியும், அல்லது ரப்பர் வளையம் கிழியும்; முறுக்கும் அளவைக் காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் கடையில் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

புதிய சென்சார் வாங்குவதென்றால் அதன் அலைவரிசை காரோடு பொருந்த வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான பல கார்கள் 315 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் விற்பனையாகும் கார்கள் 433 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலே விற்கப்படும் நாட்டுக்கு ஏற்ப வேறு அலைவரிசையில் வரக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கூட்டின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துத்தான் அறிய முடியும். பழைய வீலை டயரோடும் சென்சாரோடும் சேர்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது அதிகமாக இங்கேதான். அலைவரிசை ஒத்துப்போனாலும் போதாது. செய்தியைக் கட்டமைக்கும் முறையும் காரின் ஏற்பிக்குப் புரிவதாக இருக்க வேண்டும். டெஸ்லா போன்ற சில கார்கள் இந்த ரேடியோ முறையையே விட்டுவிட்டுப் புளூடூத் சென்சாருக்கு மாறியிருப்பதால், அதே காரின் முந்தைய ஆண்டுச் சென்சார்கூடப் பிந்தைய ஆண்டு வண்டிக்குப் பயன்படாமல் போகிறது.

ஆகவேதான் டயர் கடைகளில் இப்போது எழுதக்கூடிய பொதுச் சென்சார்கள் புழங்குகின்றன. வெற்றாக வரும் சென்சாரில், காரின் மாடலையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து, கையடக்கக் கருவியின் மூலம் அந்தக் காருக்குரிய செய்தி முறையை எழுதிவிடலாம். பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புதியதிலும் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு. அப்படி நகலெடுத்தால் காருக்கு எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது தன் பழைய சென்சாரோடுதான் பேசுவதாக எண்ணிக்கொள்ளும். குளிர்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று இரண்டு செட் வீல் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஒரே எண்ணுள்ள இரண்டு சென்சார்கள் விழித்த நிலையில் காரின் அருகே இருக்கக் கூடாது. ஒரு செட் வண்டியில் ஓடும்போது மற்ற செட்டை அதே வண்டியின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு போனால், அவற்றுள் ஏதேனும் அசைவால் விழித்துத் தவறான செய்தியை அனுப்ப இடமுண்டு.

நகலெடுக்காமல் புது எண்ணோடு பொருத்தினால், அந்த எண்ணைக் கார் அறிந்தாக வேண்டும். சில கார்கள் பத்து இருபது நிமிடம் ஓடியதும் தாமாகவே புதிய சென்சார்களை அடையாளம் கண்டுகொள்ளும். சிலவற்றில் காரைக் கற்கும் நிலைக்குக் கொண்டுபோய், இடது முன்சக்கரத்தில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கருவியை வைத்து, 125 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையால் சென்சாரை எழுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கார் ஹாரனை ஒலிக்கும். வேறு சிலவற்றில், டொயோட்டாவின் பல மாடல்களில் உள்ளதுபோல, காரின் கோளாறுகளைப் படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி எண்களை நேரடியாகக் கணினியில் எழுதியே ஆக வேண்டும். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அக்கார்கள் தாமாகக் கற்றுக்கொள்ளமாட்டா. நம் கார் இவற்றுள் எதைச் சேர்ந்தது என்பதை வீல் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டால், அதற்கான கருவி இருக்கும் கடையிலேயே வேலையைக் கொடுக்கலாம்.

இதுவரை சொன்னவை அனைத்தும் ஓரளவு அனுபவமுள்ள டயர் கடைக்காரர் அறிந்தவையே. அவரும் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, எச்சரிக்கை எந்த அழுத்தத்தில் எழ வேண்டும் என்ற எல்லையைப் பற்றி. சென்சார் அழுத்தத்தை அளந்து அனுப்புவதோடு சரி. எது குறைவு என்று முடிவு செய்வது காரின் கணினி. பல கார்களில் அது ஒப்பிடுவது, தொழிற்சாலையில் பதிந்த எண்ணோடு, அதாவது ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அழுத்தத்தோடு. அந்த அட்டை காரோடு வந்த டயருக்கு எழுதப்பட்டது. வீலையும் டயரையும் மாற்றியபின் அந்த எண் பொருந்துமா என்பதை யாரும் கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காரோடு வந்தது 205/55 ஆர்16, சுமைக் குறியீடு 91. அட்டை சொல்லும் அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. அதற்குப் பதில் 18 அங்குல வீலில் 225/40 ஆர்18, சுமைக் குறியீடு 92, கூடுதல் சுமைக்கான எக்ஸ்எல் வகை டயர் போடுகிறோம். மொத்த விட்டம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, 632 மி.மீ. இருந்தது 637 மி.மீ. ஆகிறது. சுமைக் குறியீடும் ஒன்று கூடியிருப்பதால் எல்லாம் பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் 91 என்பதற்குரிய 615 கிலோவைச் சாதாரண டயர் 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தாங்குகிறது, 92 என்பதற்குரிய 630 கிலோவை எக்ஸ்எல் டயர் 42 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் தாங்குகிறது. ஐரோப்பிய டயர் தரக் கணக்கின்படி, 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பழைய டயர் ஏறத்தாழ 575 கிலோ தாங்கும். அதே 33-இல் புதிய டயர் 520 கிலோதான் தாங்கும். பழைய டயர் தாங்கிய அதே சுமையைத் தாங்க, புதியதில் 37 அல்லது 38 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும்.

இப்போது எச்சரிக்கையைப் பாருங்கள். கணினியின் நினைவில் இருப்பது 33. அதில் 25 விழுக்காடு குறைந்து 25 பி.எஸ்.ஐ. ஆனால்தான் விளக்கு எரியும். புதிய டயருக்கு 37.5 தேவை என்று கொண்டால் அதன் எச்சரிக்கை எல்லை 28-ஆக இருந்திருக்க வேண்டும். விளக்கு எரியும் வேளையில் டயர் தனக்குத் தேவையான காற்றில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். சென்சார் புத்தம்புதிது, பதிவு சரி, விளக்கும் அணைந்தே இருக்கிறது. ஆயினும் பக்கச்சுவர் குட்டையான அந்த டயர் பல நாள் குறைந்த காற்றிலேயே ஓடிச் சூடேறுகிறது, ஒரு சிறு பள்ளத்தில் விழுந்தாலே விலையுயர்ந்த ரிம் வளைகிறது. வீல் மாற்றிய கார்களில் ரிம் வளைவதற்குச் சாலையை மட்டும் குறை சொல்பவர்கள், காற்றின் அளவையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வு பல கார்களில் இருக்கிறது. சிலவற்றில் ரீசெட் செய்யும்போது உள்ள அழுத்தத்தையே அடிப்படையாகக் கொள்ளும். அவற்றில் புதிய டயருக்குரிய அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பி ரீசெட் செய்தால் எல்லையும் சேர்ந்து உயரும். சிலவற்றில் பகுதிச் சுமை, முழுச் சுமை என்ற தேர்வு மெனுவில் இருக்கும். வேறு சிலவற்றில் ஸ்கேனர் மூலம் அந்த எண்ணைத் திருத்தலாம். எதுவும் இல்லாத காரில் விளக்கை நம்பாமல் டேஷ்போர்டில் தெரியும் எண்ணையே பார்க்கப் பழக வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும் என்பதால், ஓட்டம் முடிந்து சூடாக இருக்கும் டயரில் பார்த்த எண்ணைக் கொண்டு காற்றைக் குறைத்துவிடக் கூடாது. முன்னும் பின்னும் வேறு அகலமுள்ள டயர் போடுபவர்கள், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தேவையான அழுத்தத்தைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். சென்சார் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்பதைத் தானாக அறியாத காரில், பதிவின்போது வரிசை மாறினால் பின்சக்கரத்தின் எல்லை முன்சக்கரத்துக்குப் போய்விடும்.

விளக்கை மட்டும் அணைக்கும் வழிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நான்கு சென்சார்களையும் இரு முனையும் அடைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, அதில் 35 பி.எஸ்.ஐ. காற்றடித்து, வண்டியின் பின்புறத்தில் வைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. கார் குழாயின் அழுத்தத்தைப் படித்து, நான்கு டயரும் நன்றாயிருக்கின்றன என்று நம்பிக்கொள்ளும். டயர் வெடிக்கும் நொடியிலும் டேஷ்போர்டு 35 என்றே காட்டும். விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருப்பதாவது அமைப்பு வேலை செய்யவில்லை என்ற உண்மையைச் சொல்கிறது. குழாய் சொல்வது பொய். அந்தக் காரை அடுத்து வாங்குபவர் டேஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்பியே குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போவார் என்பதை எண்ணிப் பார்த்தால், இதைச் செய்ய மனம் வராது. அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்பைக் கடைக்காரரே முடக்குவது சட்டப்படி குற்றம். சென்சார் இல்லாமல் வீலை மாட்டிக்கொடுக்கப் பல கடைகள் அங்கே மறுப்பது இதனால்தான்.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளிச் சென்சார்கள் வேறு ரகம். அவை காரின் அமைப்போடு பேசுவதில்லை. தமக்கென்று வரும் சிறு திரையில் காட்டுகின்றன. சென்சாரே இல்லாத பழைய காருக்கு அவை உண்மையில் நல்லவை. ஆனால் நீளமான ரப்பர் தண்டில் அவற்றை மாட்டினால், மேலே பார்த்த சுழற்சி விசை தண்டை வளைத்து அடிப்பகுதியில் விரிசல் உண்டாக்கும். குட்டையான உலோகத் தண்டில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

டயர் ஏற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. உள்ளே சென்சார் இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பீட்டை ரிம்மிலிருந்து விடுவிக்கும் இயந்திரத்தின் கை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் அழுத்தினால் சென்சார் பிழைக்கும். சென்சாரின் எடை ஒரு பக்கத்தில் சேர்வதால், அதோடு சேர்த்தே பேலன்சிங் செய்ய வேண்டும். பஞ்சர் ஆகும்போது டயருக்குள் செலுத்தும் பசைத் திரவம், அந்தக் குண்டூசித் துளையை அடைத்துவிட வாய்ப்பிருப்பதால், அதைப் பயன்படுத்திய டயரைக் கழற்றும்போது சென்சாரைத் துடைத்துச் சோதிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் வைத்து நான்கு சென்சாரின் அடையாள எண்ணையும் படித்து, இடது முன், வலது முன், வலது பின், இடது பின் என்று சக்கரத்தின் இடத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அது எட்டு எழுத்துள்ள எண். பின்னொரு நாள் ஒரு சென்சார் பழுதானால் டயரைக் கழற்றாமலே அந்த எண்ணைப் புதியதில் எழுதி வைத்துக்கொண்டு ஒரே தடவையில் மாற்றிவிடலாம். அதன்பின், போக்குவரத்து இல்லாத இடத்தில், ஒரு டயரில் மட்டும் காற்றை எச்சரிக்கை எல்லைக்குச் சற்றுக் கீழே இறக்கி, மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். எந்தச் சக்கரம் என்று காட்டும் காரில், காற்றை இறக்கிய அதே சக்கரத்தைக் காட்ட வேண்டும். வேறு சக்கரத்தைக் காட்டினால் பதிவு வரிசை தவறு; இருபது நிமிடம் ஆகியும் எதுவும் எரியவில்லையென்றால் எல்லை எண்ணோ பதிவோ தவறு. எதுவாயினும் கடையை விட்டுத் தொலைவு போவதற்குள் தெரிந்துவிடும், அங்கேயே திருத்தி வாங்கிக்கொண்டு, காற்றை மறுபடி முழு அளவுக்கு நிரப்பிவிடலாம்.